என்ட பாட்ட எனக்கே அனுப்புறாங்க, அதுவும் வேற ஆளுட லோகோவோட. காசு செலவில்லாம என்ன செய்யலாம்?

கல்லடிக்_கீபோட் · ஞாயிறு இரவு 10.52

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன் பொறுத்துக்கங்க, ரெண்டு நாளா ஒழுங்கா நித்திரையும் இல்ல.

மட்டக்களப்பு கல்லடில வீட்டுப் பின்னறைல சின்னதா ஒரு செட்டப் வெச்சிரிக்கன். பழைய லப்டொப், ஓடியோ இன்டர்பேஸ், ஒரு மைக், சுவருக்கு பழைய மெத்தைப் பஞ்சு அடிச்சிரிக்கன், மழை பெஞ்சா தகரச் சத்தத்துல ரெக்கோடிங் இல்ல, அவ்வளவுதான் ஸ்டூடியோ. போன வருசம் வேளாண்ம வெட்டு நேரம் ஒரு பாட்டு செஞ்சன். களவெட்டில, அதான் நெல்லுச் சூடடிக்கிற களத்துல, எங்கட அம்மப்பா விளைச்சல் பெருகணுமெண்டு பொலி பொலியெண்டு கூப்பிடுற குரல போன்ல பதிஞ்சி வெச்சிருந்த, அத அடில போட்டு மேல பறையும் பேஸும் வெச்சி, பக்கத்து வளவு வாத்தியார் வரி எழுதித் தந்தாரு, தங்கச்சிட பிரெண்ட் ஒராள் பாடின. மூணு மாசம் எடுத்த. என்ட சனல்ல 11,000 வியூஸ் அளவு போச்சி, அதுக்கே வீட்டுல பாயாசம் காய்ச்சின.

போன கிழம மாமி வட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பி "மனே இந்தப் பாட்ட கேட்டியா, நம்மட வட்டை வயல் ஞாபகம் வருது, நீயும் இப்பிடி ஒண்டு செய்யன்" எண்டு போட்டிரிக்கா. திறந்து பாத்தா என்ட பாட்டு! லண்டன்ல இரிக்கிற ஒருத்தர்ட சனல், மூலைல அவர்ட லோகோ, வியூஸ் ரெண்டு லட்சத்துக்கு மேல, பேர் ஒண்டும் இல்ல. மறுகா தேடத் தேட இன்னும் வருது. கலியாண வீடியோ செய்யிற ஒரு ஸ்டூடியோ நாலு கலியாணத்துக்கு பின்னணியா போட்டிரிக்கி. இங்க பக்கத்துல ஒரு புடவக் கடை பேஸ்புக்ல மலிவு விற்பனை விளம்பரத்துக்குப் போட்டிரிக்கி, அம்மப்பாட குரலுக்கு மேல "ஒண்டு வாங்கினா ஒண்டு இலவசம்" எண்டு ஒரு ஆள் கத்துறான். அத கேட்டுத்தான் எனக்கு விசர் வந்த.

ஒரு லோயரிட்ட கேட்ட, கேஸெண்டா கொழும்புலதான், முதல் கடிதத்துக்கே நாப்பதாயிரம் வரும் எண்டாரு. என்ட கீபோட்ட வித்தாலும் அவ்வளவு வராது. இத முதலே எங்கயாச்சும் ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணுமா? சீடில அடிச்சி எனக்கே பதிவுத் தபால்ல அனுப்பி உடைக்காம வெச்சா போதும் எண்டு ஒராள் சொன்னான், உண்மையா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.


வட்டைக்காத்து · ஞாயிறு இரவு 11.30

தம்பி முதல்ல ஒண்டு, அவனுகள்ட கொமண்ட்ல போய் ஏசிராத. ஏசினா வீடியோவ மறைச்சிட்டு நான் போடவே இல்ல எண்டுவான். இப்பவே மூணு இடத்தயும் ஸ்க்ரீன்ஷொட் எடு, லிங்க், திகதி, வியூஸ் எல்லாம் தெரியிற மாதிரி முழுப் பக்கமா எடு, வீடியோவயும் ஸ்க்ரீன் ரெக்கோட் பண்ணி வெச்சிக்கொள். பேஸ்புக் விளம்பரம் ரெண்டு நாள்ல காணாமப் போயிரும், அத முதல்ல எடு.

அடுத்தது, யூடியூப்ல தூக்க லோயரும் தேவல்ல காசும் தேவல்ல. அமெரிக்காவுல 1998ல கொண்டுவந்த டிஎம்சிஏ சட்டப்படி, உரிமக்காரன் முறையா அறிவிச்சா அந்தக் கம்பனி அத தூக்கணும், இல்லாட்டி அதுவும் பொறுப்பாகணும். கம்பனி அமெரிக்கால இருக்கிறதால நீ கல்லடில இருந்து அனுப்பினாலும் அதே மதிப்புத்தான். கொம்பியூட்டர்ல யூடியூப் ஸ்டூடியோவ திறந்து, பதிப்புரிமை எண்ட பகுதிக்குள்ள போய், அகற்றும் கோரிக்கை புதுசா குடு. உன்ட வீடியோட லிங்க் ஒண்டு, அவன்ட லிங்க் ஒண்டு, எந்த நிமிசத்துல இருந்து எந்த நிமிசம் வரைக்கும் எண்டு போடணும். "என்ட பாட்ட களவெடுத்திட்டான்" எண்டு கதை எழுதாம "இந்த ஒலிப்பதிவு நான் தயாரிச்சது, நான் அனுமதி குடுக்கல்ல" எண்டு ரெண்டு வரில முடி.

அதுல ரெண்டு வழி கேக்கும். உடனே தூக்கு எண்டு ஒண்டு, ஏழு நாள் தவணை குடு எண்டு ஒண்டு. தவணை குடுத்தா அவனே அழிச்சிரலாம், அவனுக்கு ஸ்ட்ரைக் விழாது, ஸ்ட்ரைக் எண்டா யூடியூப் சனலுக்குப் போடுற கறுப்புப் புள்ளி. உடனே தூக்கினா ஸ்ட்ரைக் விழும், 90 நாளுக்குள்ள மூணு விழுந்தா சனலே போகும். ரெண்டு லட்சம் வியூஸ் வாங்கின சனல்காரன் ஸ்ட்ரைக்குக்கு சரியான பயம், அதான் நம்மட கைல இரிக்கிற ஒரே பிரம்பு.

நல்ல விசயம் இன்னொண்டு. ஒருக்கா சரியான கோரிக்க ஒண்டு குடுத்து அது ஏத்துக்கொள்ளப்பட்டா, கொப்பிரைட் மெச் டூல் எண்டு ஒண்டு திறக்கும். நீ முதல்ல போட்ட வீடியோவ முழுசா அல்லது முழுசுக்குக் கிட்ட வேற ஆக்கள் போட்டா அது தேடிக் காட்டும். சின்னத் துண்டா வெட்டிப் போட்டா பிடிக்காது, ஆனா சும்மா கிடைக்கிறதுக்கு அது பெரிசு.

பேஸ்புக்குக்கும் டிக்டொக்குக்கும் இதே மாதிரி படிவம் இரிக்கி. படிவத்துல உன்ட உண்மைப் பேர் போகும், அத மற்றவன் பாப்பான், அதுக்கு ஆயத்தமா இரு.


அக்கரை_நானா · திங்கள் காலை 6.15

தம்பிமாரே, சுபஹுக்குப் பிறகு வாசிச்சன், எனக்கும் இதே கதைதான், ஆனா தலைகீழ். செல்லுறன் கேளுங்க.

நான் ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு வாத்தியம் மட்டும் உள்ள ட்ரெக் செஞ்சி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அதான் நம்மட பாட்ட நெட்ல பாட்டுக் கேக்கிற தளங்களுக்கு ஏத்தித் தாற கம்பனி, அது மூலம் ஸ்பொட்டிபைக்கெல்லாம் போட்ட. அவங்கட பக்கத்துல கொன்டென்ட் ஐடி வேணுமா எண்டு ஒரு பெட்டி இரிக்கி, டிக் போட்டா யூடியூப்ல உங்கட ட்ரெக்க எவன் போட்டாலும் மெசின் கண்டுபிடிக்கும், தூக்கலாம், இல்லாட்டி அந்த வீடியோட விளம்பரக் காச உங்களுக்குத் திருப்பலாம். நம்மளப் போல ஆக்களுக்கு யூடியூப் நேரடியா அத குடுக்காது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளாலதான் போகணும், அவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி, சிலர் பாட்டுக்கு வருசக் காசு, சிலர் வாற வருமானத்துல பங்கு, சிலர் ரெண்டும். எனக்கு ஆசை, டிக் போட்டுட்டன்.

மூணாம் நாள் எகிப்துல இருந்து ஒருத்தன், பிரேசில்ல இருந்து ஒருத்தன், எல்லாம் எனக்கு ஏசி மெயில். என்னெண்டு பாத்தா, நான் போட்ட தபேலா லூப் ஒரு சேம்பிள் பெக்ல, அதான் ஆரோ முதலே பதிஞ்சு விக்கிற சத்தத் தொகுப்புல இருந்து எடுத்த, காசு குடுத்துத்தான் வாங்கின, களவு இல்ல, ஆனா அதே பெக்க ஆயிரம் பேர் வாங்கியிரிக்கான். மெசினுக்கு அது விளங்குமா? அந்த லூப் இரிக்கிற எல்லார்ட வீடியோவயும் என்ட பாட்டெண்டு பிடிச்சிரிக்கி. டிஸ்ட்ரிபியூட்டர் என்ட கணக்க நிப்பாட்டி, நான் மன்னிப்புக் கேட்டு, அந்த டிக்க எடுத்து, ஒன்றர மாசம் போச்சி.

ஆனதால கொன்டென்ட் ஐடிக்குப் போறதெண்டா பாட்டுல இரிக்கிற எல்லாச் சத்தமும் உங்களுக்கு மட்டுமே சொந்தமா இரிக்கணும். சேம்பிள் பெக், நெட்ல வாங்கின பீட், ஓஸில எடுத்த லூப் ஒண்டும் வரக்கூடா. தம்பிட பறையும் பேஸும் சொந்தமா அடிச்சதா, பெக்கா? அத செல்லுங்க முதல்ல.


கல்லடிக்_கீபோட் · திங்கள் காலை 8.40

நானா பறை சொந்தமா அடிச்சதுதான், கோயில்ல பறை அடிக்கிற அண்ணன் ஒராள வீட்ட கூட்டி வந்து அடிச்ச, சாப்பாடும் குடுத்து ரெண்டாயிரமும் குடுத்த. பேஸ் நான். ஆனா சல்லாரி (கூத்துல தட்டுற தாளம்) மாதிரி ஒரு சத்தம் பெக்ல இருந்துதான். அப்ப கொன்டென்ட் ஐடி இந்தப் பாட்டுக்கு சரிவராது போல.

காத்தண்ணே, இரவே எல்லாம் ஸ்க்ரீன்ஷொட் எடுத்திட்டன். விடிய பாத்தா புடவக் கடை விளம்பரம் இன்னும் கிடக்குது, லைக் கூடியிருக்கு.


கோட்டடி_அக்கா · திங்கள் பின்னேரம் 4.20

நான் லோயர் இல்ல, லோயர் ஒராளிட்ட கிளாக்கா பதினொரு வருசம். அதனால இத சட்ட ஆலோசனையா எடுக்காம, எங்க போய் என்ன கேக்கணும் எண்டு தெரிஞ்சிக்கிறதுக்கா எடுங்க.

ரெஜிஸ்டர் பண்ணல்லயே எண்ட கவலைய விடுங்க. இலங்கைல பாட்டு, புத்தகம் எதுக்கும் பதிப்புரிமை பதிவெண்டு ஒண்டு இல்லவே இல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்க ஆக்கின நிமிசமே உரிமை வந்திட்டு. எழுதினவர், மெட்டுப் போட்டவர் உயிரோட இருக்கிற காலமும் செத்தபிறகு 70 வருசமும் இரிக்கும், ஒலிப்பதிவுக்கு 50 வருசம். பதிப்புரிமைக்கான பேர்ன் எண்ட சர்வதேச ஒப்பந்தத்துல இலங்கை 1959ல இருந்தே இரிக்கி, அதால வரிக்கும் மெட்டுக்கும் லண்டன்லயும் அந்த நாட்டுச் சட்டப்படி பாதுகாப்பு இரிக்கி.

சீடிய எனக்கே தபால் அனுப்புற கதை, நான் வேலைக்கு வந்த காலத்துல இருந்து கேக்கன். அதால உரிமை வராது, கூடப் போனா இந்தத் திகதில இது உங்கட கைல இருந்த எண்டதுக்கு ஒரு சின்ன அத்தாட்சி. அதுக்குப் பதிலா ஒரு சமாதான நீதவானிட்ட சத்தியக்கடதாசி முடிச்சி வெச்சிக்கங்க. இந்தப் பாட்ட நான் இன்ன மாசம் இன்ன இடத்துல தயாரிச்சன், வரி இவர், பாடினவ இவ, பறை இவர், முதல்ல இந்தத் திகதில இந்தச் சனல்ல வெளியிட்டன் எண்டு. அதோட உங்கட கொம்பியூட்டர்ல இருக்கிற புரொஜெக்ட் போல்டர், வெட்டாத குரல் ரெக்கோடிங், பிழைச்சுப் போன டேக் எல்லாம் ரெண்டு இடத்துல கொப்பி பண்ணி வைங்க. களவெடுத்தவனிட்ட முடிஞ்ச பாட்டு மட்டும்தான் இரிக்கும். பிழைச்ச டேக் செஞ்சவனிட்ட மட்டும்தான் இரிக்கும்.

கேஸெண்டா கொழும்புலதான் எண்டு உங்கட லோயர் சொன்னது சரி, சிவில் வழக்கு கொமர்ஷியல் ஹைகோட்டுக்குத்தான் போகும். நட்டம் எவ்வளவு எண்டு நிரூபிக்க ஏலாட்டியும், சட்டத்துல சொன்ன நட்டஈடா 50,000 ரூபாய்ல இருந்து பத்து லட்சம் வரைக்கும் கோட் குடுக்கலாம். வேணுமெண்டு மீறினா குற்றமும்தான், நீதவான் ஆறு மாசம் வரை சிறையோ ஐந்து லட்சம் வரை தண்டமோ ரெண்டுமோ குடுக்கலாம். நீங்க கேஸ் போடாட்டியும் கடிதத்துல இந்த ரெண்டு வரியும் இரிக்கணும், புடவக் கடை முதலாளி அதத்தான் வாசிப்பார்.

கனபேருக்குத் தெரியாத ஒண்டு அதே சட்டத்துல 22ஆம் பிரிவுக்குள்ள இரிக்கி. உரிமை மீறப்பட்டவர் கோட்டுக்குப் போகாமலே புலமைச் சொத்துப் பணிப்பாளர் நாயகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதுக்கெண்டு படிவம் இரிக்கி. அவர் விசாரிச்சு முடிவு சொல்லலாம், அந்த முடிவு ரெண்டு பேரயும் கட்டுப்படுத்தும், பிடிக்காதவர் கோட்டுக்கு மேன்முறையீடு போகலாம். அலுவலகம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தைல சமாகம் மெதுர. போறதுக்கு முந்தி போன் எடுத்து, பாட்டு விசயமா இந்தப் பிரிவுல முறைப்பாடு குடுக்கணும், என்ன என்ன கொண்டு வரணும் எண்டு கேளுங்க, இல்லாட்டி இரவு பஸ்ல போய்ட்டு போட்டோக்கொப்பி ஒண்டு குறைஞ்சதுக்குத் திரும்பி வரவேண்டி வரும்.

வருமானம் குறைஞ்சவங்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்புலயும் இரிக்கி. பாட்டு விசயமெல்லாம் அவங்களுக்கு அடிக்கடி வாறதில்ல, ஆனாலும் போய்க் கேக்கிறதுக்கு காசில்ல.

இனி நான் கேக்கிறதுக்கு நீங்க பதில் சொல்லுங்க தம்பி. அந்த வாத்தியார் வரி எழுதினதுக்கு ஒரு துண்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வெச்சீங்களா? பாடின பிள்ளையோட?


அண்ணாவியார்_பேரன் · திங்கள் இரவு 9.05

அக்கா கேட்டதத்தான் நானும் கேக்க வந்த. அதோட இன்னொண்டு. மச்சான் நீ உன்ட பாட்டு உன்ட பாட்டு எண்டு சொல்றா, பொலி கூப்பிடுறது உன்ட பாட்டனார் கண்டுபிடிச்சதா? எங்கட வட்டைலயும் அதே கூப்பாடுதான், எங்கட அப்பாவும் அப்பிடித்தான் கூப்பிட்டவர், நீ அத டிஎம்சிஏ அடிச்சா நாளைக்கு களவெட்டில நாங்க வாய் திறக்க ஏலாதா?

கோவமா கேக்கல்ல. கூத்துப் பாட்டுல இந்தப் பிரச்சினை எங்களுக்கு வந்த. எங்கட ஊர்க் கூத்த வந்து ஒராள் வீடியோ எடுத்திட்டுப் போய் அவர்ட பேர்ல போட்டு, மறுகா நாங்க எங்கட கூத்தயே எங்கட பேஜ்ல போட்டா இது வேற ஆளுடது எண்டு எங்களுக்கு கிளெய்ம் வருது. தென்மோடிக் கூத்து விருத்தத்துக்கு ஒராள் சொந்தக்காரன் எண்டா எங்கட பரம்பரைய எங்க கொண்டு வைக்கிறது? அக்கா சொன்ன அதே சட்டத்துல 24ஆம் பிரிவு நாட்டார் வழக்குக்கெண்டே இரிக்கி, வியாபாரத்துக்காகவோ, வழக்கமான சூழலுக்கு வெளியாலயோ எடுத்தா அனுமதி வேணும் எண்டு. அத வெச்சுப் பாத்தா புடவக் கடை மட்டுமில்ல, நீயும் கொஞ்சம் யோசிக்கணும்.


கல்லடிக்_கீபோட் · திங்கள் இரவு 10.30

பேரா நீ கேட்டது சரிதான், குத்தினாலும் சரி. அம்மப்பாட கூப்பாட்டுக்கு நான் சொந்தம் கேக்கல்ல. ஆனா அந்தக் குரல் அவருடது, அவர் இப்ப இல்ல, அந்தப் பதிவு என்ட போன்ல எடுத்த. அத விளம்பரத்துல கேக்கக்க ஒரு மாதிரி இருந்த, அவ்வளவுதான்.

அக்கா, துண்டு ஒண்டும் எழுதல்ல. வாத்தியார் எங்கட வீட்டுக்குப் பக்கத்துல, வேலிக்கு மேலால கொப்பிய நீட்டினவர். அவரிட்ட போய் கையெழுத்துக் கேட்டா என்ன நினைப்பாரு?


கோட்டடி_அக்கா · செவ்வாய் காலை 7.10

என்ன நினைச்சாலும் இண்டைக்கே போய்க் கேளுங்க. வரி அவருடது, மெட்டு உங்கட, ஒலிப்பதிவு தயாரிச்சது நீங்க, பாட்டுக்குள்ள மூணு உரிமை மூணு பெட்டியா இரிக்கி. எங்கட சட்டத்துல உரிமைய மாத்துறதோ அனுமதி குடுக்கிறதோ எழுத்துல, ரெண்டு பேர் கையெழுத்தோட இரிக்கணும். வேலிக்கு மேலால குடுத்தது காணாது. உங்கட பேர்ல எல்லாத்தயும் எழுதச் சொல்லல்ல, "வரி என்னுடது, இந்த ஒலிப்பதிவுல பயன்படுத்த அனுமதி, களவு போனா ரெண்டு பேருக்காகவும் இவர் முறைப்பாடு குடுக்கலாம், வாற காசுல இன்ன பங்கு" எண்டு அர்த்தம் வாற ஒரு பக்கம் போதும். பாடின பிள்ளையிட்டயும், பறை அடிச்சவரிட்டயும் அப்பிடி ஒண்டு.

பேரன் சொன்னதுக்கும் பதில் அதுக்குள்ளதான் இரிக்கி. லண்டன்காரர் பொலிய தானே கூப்பிட்டுப் பாடிப் போட்டிருந்தா உங்களுக்குப் பேச்சே இல்ல. ஆனா அவர் போட்டது உங்கட ஒலிப்பதிவ. படிவத்துல ஒலிப்பதிவெண்டு மட்டும் போடுங்க, மெட்டும் வரியும் எல்லாம் எனக்குத்தான் எண்டு போடாதீங்க. அதுல பொய் சொன்னா அமெரிக்கச் சட்டத்துல அதுக்கும் பொறுப்பு வரும்.


ஈஸ்ட்ஹாம்_மட்டுநகரான் · செவ்வாய் பின்னேரம் 5.45

நான் ஆரையம்பதி, இப்ப லண்டன்ல இருபது வருசம். அந்தச் சனல்காரர் ஆரெண்டு எனக்கு ஊகம் இரிக்கி, சொல்ல மாட்டன். அவர் கெட்ட ஆள் இல்ல, ஊர்ப் பாட்டெண்டா எல்லாருக்கும் சொந்தம் எண்டு நினைக்கிற ஆள்.

இஞ்ச என்ன வழி இரிக்கி எண்டு சொல்லுறன். லண்டன்ல ஐபெக் எண்டு புலமைச் சொத்துக்கெண்டே ஒரு கோட் இரிக்கி, அதுக்குள்ள சின்னக் கேஸ் பகுதி ஒண்டு, 10,000 பவுண்ஸ் வரைக்கும் கேக்கலாம். லோயர் இல்லாம நாமளே போடலாம் எண்டுதான் அத வெச்சிரிக்கிற. கேக்கிற தொகையப் பொறுத்து கோட் கட்டணம் கட்டணும், ஆனா தோத்தாலும் மற்றவர்ட லோயர் பீஸ் முழுசும் நம்மட தலைல விழாது. அதுக்கு முந்தி ஒரு கடிதம் அனுப்பி தவணை குடுத்திருக்கணும், சும்மா போய் கேஸ் போட்டா நீதவானே ஏன் முதல்ல எழுதல்ல எண்டு கேப்பார். என்ட எண்ணம், ஐபெக் பேர போட்டு ஒரு மரியாதையான கடிதம் எழுதினாலே இந்த ஆள் இறங்கி வருவார்.

அமெரிக்கால 2022ல தொடங்கின கொப்பிரைட் கிளெய்ம்ஸ் போட் எண்டு ஒண்டும் இரிக்கி, 30,000 டொலர் வரை, கட்டணம் 40, பிறகு 60, மொத்தம் நூறு டொலர்தான், எல்லாம் ஒன்லைன்ல. நீ மட்டக்களப்புல இருந்தும் போடலாம். ஆனா எதிராளி அமெரிக்கால இருக்கணும், அதால இவருக்கு அது சரிவராது. அதுவுமில்லாம அமெரிக்காக் கொப்பிரைட் ஒபிஸ்ல பாட்ட பதிய விண்ணப்பிச்சிருக்கணும், எதிராளி 60 நாளுக்குள்ள நான் வரமாட்டன் எண்டு விலகினா கேஸ் அதோட முடிஞ்சிது. அங்க பதியிறது ஒராளே தனியா ஆக்கின ஒரு பாட்டுக்கு 45 டொலர், அல்பமா போட்டா 20 பாட்டு வரைக்கும் 65. நம்மட காசுக்கு அது ஒரு மாச மீன் செலவு. தனித்தனியா பதியிறது வீண், ஒரு பத்துப் பாட்டு சேந்தா அல்பமா ஒருக்கா பதிஞ்சு வைக்கலாம், ஆரும் அமெரிக்காக் கம்பனி எடுத்தா அண்டைக்கு உதவும்.


கசட்_காலத்தான் · செவ்வாய் இரவு 8.30

எல்லாம் வாசிச்சன். நான் எண்பதுகள்ல இசைக்குழுவுல கிட்டார். அந்தக் காலத்துல நாங்க பாடின பாட்ட எவனோ கசட்ல பதிஞ்சி, டபிங் கடைல ரெண்டு கசட்பிளேயர முகத்துக்கு முகம் வெச்சி கொப்பி அடிச்சி, கல்முனை பஸ்ல போட்டான். எங்களுக்கு ஒரு சதம் இல்ல. ஆனா அந்த பஸ்ல கேட்டுத்தான் திருக்கோவில் தொடக்கம் வாழைச்சேனை வரைக்கும் திருவிழாவுக்குக் கூப்பிட்டாங்க. லண்டன்காரன் போடாட்டி உன்ட மாமிக்கே உன்ட பாட்டு தெரிஞ்சிருக்காது தம்பி, யோசிச்சுப் பாரு.


வட்டைக்காத்து · செவ்வாய் இரவு 8.55

ஐயா அந்தக் காலத்துல பஸ்ல கேட்டவன் யார்ட குழு எண்டு கேட்டு விசாரிச்சு வந்தான். இப்ப லோகோவ பாத்திட்டு லோகோக்காரனத்தான் கூப்பிடுறான். அதுக்குத்தான் பேர் போடணும் எண்டு கேக்கிறம். சட்டத்துலயும் ஆக்கினவன்ட பேர போடச் சொல்லி கேக்கிற உரிமை தனியா இரிக்கி, அது காசு உரிமை இல்ல, அவன்ட உரிமை.


அக்கரை_நானா · புதன் காலை 6.40

கலியாண ஸ்டூடியோவுக்கு டிஎம்சிஏ அடிக்காதீங்க தம்பி. பாவம் மாப்பிள பொம்புளட வீடியோ, அதுகள் என்ன செஞ்ச? போன் எடுத்து "நம்மட பாட்ட போட்டிரிக்கீங்க சந்தோசம், பேரும் லிங்கும் போடுங்க, இனி ஒவ்வொரு கலியாணத்துக்கும் இவ்வளவு தாங்க" எண்டு செல்லுங்க. நான் அப்பிடித்தான் ரெண்டு ஸ்டூடியோவோட செஞ்சன், ஒரு வீடியோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு. கலியாண சீசன்ல அது யூடியூப் தாற காசவிட கூட. எழுத்துல குடுங்க, எத்தின வீடியோவுக்கு எண்டும் எழுதுங்க.


கல்லடிக்_கீபோட் · அடுத்த வியாழன் இரவு 11.10

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத நேரமில்ல, நடந்தத மட்டும் சொல்லுறன்.

வாத்தியாரிட்ட போன. ரெண்டு நாள் யோசிச்சி யோசிச்சித்தான் போன, அவர் கதவத் திறந்து "கையெழுத்துத்தானே, முதலே கொண்டாந்திருக்கலாமே" எண்டு சொல்லி, நான் எழுதினதுல நாலு சந்திப் பிழை திருத்தித்தான் கையெழுத்து வெச்சாரு. பாடின தங்கச்சியும், பறை அண்ணனும் வெச்சிட்டாங்க. பறை அண்ணன்ட பேர் என்ட வீடியோல நானே போடல்ல எண்டது அப்பதான் ஞாபகம் வந்த. வெக்கமா போச்சி. அண்டைக்கே போட்டன். சத்தியக்கடதாசியும் முடிச்சாச்சி.

லண்டன் சனலுக்கு ஏழு நாள் தவணையோட கோரிக்க குடுத்த. அஞ்சாம் நாள் அவரே வட்ஸ்அப் கோல் எடுத்தாரு, முதல்ல கோவம், "நான் நம்மட மண்ணுக்கு செய்யிற சேவை" எண்டு பத்து நிமிசம். நான் ஒண்டும் கதைக்கல்ல. மறுகா ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொன்ன மாதிரி எழுதின கடிதத்த அனுப்பின. அடுத்த நாள் வீடியோவ அழிச்சிட்டாரு. ரெண்டு லட்சம் வியூஸும் அதோட போச்சி, கசட் ஐயா சொன்னத நினைச்சி கொஞ்சம் நெஞ்சு இடிச்சதுதான். என்ட சனல் லிங்க போட்டு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமோ எண்டு இப்ப யோசிக்கன்.

கலியாண ஸ்டூடியோ சரி எண்டிட்டாங்க, பேர் போட்டிட்டாங்க, ஆவணில நாலு கலியாணம் இரிக்காம், ஒண்டுக்கு ஆயிரம் தருவாங்களாம். நானாட விலைக்கு வரல்ல.

புடவக் கடைதான் இன்னும். பேஸ்புக்குக்கு ரிப்போட் பண்ணி விளம்பரம் போச்சி, ரெண்டாம் நாள் வேற பேஜ்ல அதே விளம்பரம். நேரா கடைக்குப் போன. முதலாளி டீ வாங்கித் தந்து, வீடியோ செஞ்ச பொடியன கேளுங்க எண்டாரு, பொடியன் நெட்ல இருந்தது எண்டான். அக்கா சொன்ன ரெண்டு வரியயும் போட்டு ஒரு கடிதம் பதிவுத் தபால்ல அனுப்பியிரிக்கன், 14 நாள் தவணை. அதுக்குப் பிறகு 22ஆம் பிரிவுப் படிவம். கொழும்புக்குப் போன் எடுத்த, ரெண்டு தரம் மாத்தி மாத்தி விட்டு கடைசியா ஒரு அம்மா தமிழ்லயே கதைச்சி என்னென்ன வேணுமெண்டு எழுதச் சொன்னா. அக்கா, படிவம் நிரப்பக்க உங்களுக்கு ஒருக்கா காட்டவா?

மாமிக்கு என்ட சனல் லிங்க அனுப்பின. பாத்திட்டு "இதுல அந்த லோகோவ காணல்லயே மனே, இது ஒரிஜினல்தானா" எண்டு கேட்டிரிக்கா.


கோட்டடி_அக்கா · வெள்ளி காலை 7.30

காட்டுங்க தம்பி. தபால் துண்ட துலைச்சிராதீங்க, போட்டோ எடுத்து வைங்க. மாமிக்கு சத்தியக்கடதாசில ஒரு கொப்பி குடுங்க.